சுவர் இடிகிற காட்சி

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது ஓசியில் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாராவது கண்டுபிடித்துக் கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும். இந்தக் கதையில் முழிப்பதற்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவர் போதும்.

எனக்குப் பாஷை தெரியாத ஊரில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. கடைவாய்ப் பல் மூன்று நாளாக உயிரை எடுத்ததால் அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். காத்திருக்கிற அறையில் எட்டு நாற்காலி, ஒரு மீன் தொட்டி, சுவரில் ஒரு டிவி. டிவியின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். உள்ளே பல்லைக் குடைகிற சத்தம் மட்டும் தாராளமாகக் கேட்டது.

டிவியில் கார்ட்டூன் ஓடியது. சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை. வாரா வாரம் வருகிற, பெரியவர்கள் பார்க்கிற குடும்பச் சிரிப்புத் தொடர். கீழே இந்த ஊர் எழுத்தில் வசனம் ஓடியது. எனக்கு அதை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒருத்தன் பேசியதில் முதல் வார்த்தையைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தவன் பேசிவிடுவான். அதனால் படத்தை மட்டும் பார்த்தேன்.

அந்த வாரத்துக் கதை ஒரு சினிமா விமர்சகரைப் பற்றியது. பெரிய மூக்கு. கார்ட்டூன் ஆட்களுக்கு இருப்பதுபோல் கைக்கு நான்கே விரல். பத்திரிகையில் படத்துக்கு அவர் மதிப்பெண் போடுவது விரலை உயர்த்தித்தான். ஆகவே உலகத்திலேயே சிறந்த படத்துக்கும் நாலுக்கு மேல் கிடைக்காது.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவர் இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறார். போன் வருகிறது. வெளியே ஓடுகிறார். திரும்பி வரும்போது கதவு திறந்து எல்லோரும் வெளியே வருகிறார்கள். பிறகு வீட்டில் கணினியைத் தட்டுகிறார். வேர்த்துக் கொட்டுகிறது. ஒற்றை விரல் காட்டுகிற அவர் படத்தோடு பத்திரிகை வெளியாகிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா அவரை நிமிர்ந்து பார்க்கிறார்.

அப்போது என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் வெளியே வந்தபோது பாதி முகம் மரத்துப்போயிருந்தது. டிவியில் வானிலை அறிக்கை.

2

எழுத உட்கார்ந்தேன். முதல் வரி:

விமர்சகர் அன்று காலையில் கண் விழித்தபோது வானம்

வேண்டாம். வானத்துக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமில்லை. அடுத்தது:

இருபது வருடமாக அடுத்தவர் படத்தில் குறை கண்டுபிடித்தே பிழைப்பை ஓட்டிய ஒருவர், கடைசியில்

இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே ஆளைப் போட்டு அடிக்கிறேன். அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

மூன்றாவது வரியை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். (அக்கா ஊரில் வக்கீல் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்கிறாள். நான் எழுதுவதைக் கேட்கிற ஒரே ஆள். எனக்கு மதிய இடைவேளை இருபது நிமிடம். பத்து நிமிடம் சாப்பாடு, பத்து நிமிடம் அக்கா.)

“விமர்சகருடைய மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது,” என்று படித்தேன்.

“நிறுத்து. உனக்குப் பல்லைப் புடுங்கினாங்களா, மூளையப் புடுங்கினாங்களா?”

“ஏன்க்கா?”

“கதையில போன் அடிச்சா உடனே ஒருத்தர ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டுடறதா? அந்தப் பொம்பள பாவம், அவ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டிருக்கா.”

“அவ வேலைக்குப் போறான்னு உனக்கு யாரு சொன்னா?”

“மூக்கன் சம்பளத்துல குடும்பம் ஓடுமாடா? போறா. எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.

3

விமர்சகரின் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். போன் செய்தது அவள் இல்லை. வீட்டுச் சாமான் விற்கிற ஒரு கம்பெனி.

பத்திரிகையில் விமர்சகருக்கு முன்பு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். பிறகு அரைப் பக்கம். போன மாதத்திலிருந்து கால் பக்கம், மீதியில் மெத்தை விளம்பரம். பத்திரிகையின் ஆசிரியர் அம்மா ஒரு நாள் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“தப்பா எடுத்துக்காதீங்க சார். படம் விட்டு வெளிய வர்றவனே வாசல்ல நின்னு போன்லயே மார்க் போட்டுடறான். நீங்க யோசிச்சு எழுதறதுக்குள்ள ஊரே பேசி முடிச்சிடுது. இந்த ஒரு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்.”

என்ன முடிவு என்று விமர்சகர் கேட்கவில்லை. அன்றே ரகசியமாக வேறு வேலை தேட ஆரம்பித்தார். வயது ஐம்பத்திரண்டு. படம் பார்ப்பதையும் அதைப் பற்றி எழுதுவதையும் தவிர ஒன்றும் தெரியாது. பதினோரு இடத்துக்கு எழுதிப் போட்டார். பதில் வந்தது ஒரே இடத்திலிருந்து. குளிர்சாதனப் பெட்டி, துவைக்கிற மிஷின் இதற்கெல்லாம் விலைப் புத்தகத்தில் நாலு நாலு வரி எழுத ஆள் வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் போனில் கூப்பிட்டுப் பேசுவார்களாம்.

அதே செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்கு, வெள்ளிக்கிழமை வெளிவர இருந்த ஒரு படத்தைப் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். முப்பது நாற்காலி உள்ள சின்ன அரங்கம். படத்தில் அண்ணனும் தம்பியும் வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிக்கொள்கிறார்கள். விமர்சகர் குனியாமலே இருட்டில் குறிப்பெடுத்தார். அது அவர் வழக்கம். ஒரு வரி மேல் இன்னொரு வரி விழும், அவருக்கு மட்டும் புரியும்.

மூன்றேகாலுக்குச் சட்டைப் பையில் போன் நடுங்கியது. அவர் குனிந்தபடியே வெளியே ஓடி, மாடிப்படியில் தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தார்.

“சார், ஒரு ஃப்ரிட்ஜப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க பாப்போம்,” என்றது குரல்.

“ஃப்ரிட்ஜ்... கதவத் திறந்ததும் பிரமாதமா வெளிச்சம் வருது. ஆனா உள்ள எதிர்பார்த்த அளவுக்கு ஒண்ணும் இல்ல.”

அந்தப் பக்கம் ஏதோ குறித்துக்கொள்கிற சத்தம்.

“சார், குறை சொல்லக் கூடாது.”

“மன்னிச்சுக்குங்க. பழக்கதோஷம்.”

“சரி, ஒரு மிக்ஸி?”

“ஆரம்பத்துல நல்ல வேகம்...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பதினெட்டு நிமிடம் பேசினார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று வைத்துவிட்டார்கள். அவர் எழுந்து அரங்கத்தின் கதவில் கை வைத்தபோது கதவு உள்ளேயிருந்து திறந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள்.*

* பக்கத்தில் வந்தவரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பாதியில் எழுந்து போகிற விமர்சகர்களைத் திட்டி இவர் ஒரு முறை முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். முழுப் பக்கம் இருந்த காலத்தில். வந்தவர்களில் இரண்டு பேர் அதில் திட்டு வாங்கியவர்கள்.

4

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குள் இன்னொரு காட்சி கிடையாது. ஆசிரியர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாம். ‘முடிவு பண்ணலாம்’ என்று சொல்லப்பட்ட மாதத்தில் சொல்லலாமா?

அவர் ஊகித்தார். இருபது வருடம், நாலாயிரம் படம். சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? எழுதினார்:

‘கடைசியில் சுவர் இடிகிறது. தூசி அடங்குவதற்குள் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நூறு படத்தில் இடிந்த அதே சுவர். இதை இடிக்க ஒரு இயக்குநர் எதற்கு? ஒரு கடப்பாரை போதும்.’

ஒரு விரல்.

இந்த இடத்தில் அக்கா சிரித்தாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

“ஏன்டா, நீ அந்தக் கார்ட்டூன் முடிவப் பாத்தியா?”

“இல்லக்கா. அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க.”

“அப்ப போன்ல வந்தது ஃப்ரிட்ஜ் கம்பெனிதானா?”

“நானாப் போட்டேன்.”

“சுவரு?”

“அதுவும்தான்.”

“அவன் பாக்காத முடிவ எழுதினான். நீ பாக்காத கார்ட்டூன எழுதற. மூக்கன் மட்டும் என்ன தப்புப் பண்ணான்? ரெண்டு பேரும் ஒரே கூட்டுக் களவாணிதானே?”

இடைவேளை மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. (பல்லுக்குப் போட்ட தையலைப் பிரிக்கப் போனபோது வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அந்தத் தொடரைப் பற்றி எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் கேட்டேன். அதில் எது நடந்தாலும் கடைசியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அடுத்த வாரம் அதே ஆட்கள் அதே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள் என்றாள். தொடரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். எனக்கு என்னவோ பயமாக இருந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.)

5

வெள்ளிக்கிழமை விமர்சனமும் படமும் ஒன்றாக வெளிவந்தன. சுவர் இடியவில்லை.

படத்தில் கடைசி வரை சுவர் அப்படியேதான் நிற்கிறது. அண்ணன் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு சுவரை இரண்டு தட்டுத் தட்டுகிறான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு. அவ்வளவுதான் படம். விமர்சகர் மதியக் காட்சிக்கு டிக்கெட் வாங்கி, பின் வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்த்தார். நல்ல முடிவு. மூன்று விரல் கொடுக்கலாம். அவர் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தார். கூட்டிப் பெருக்க வந்தவர் வேறு பக்கம் பெருக்கிவிட்டு வந்து காத்து நின்றார்.

சாயங்காலம் படத்தின் இயக்குநர் போனில் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண். கோபமே இல்லாத குரல்.

“சார், திட்டறதுக்குக் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சுவரு இடியற சீன எங்க பாத்தீங்க?”

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“ஏன்னா சார், அத நாங்க எடுத்தோம். தயாரிப்பாளர் கேட்டார்னு எடுத்தோம். கட்டிப்பிடிச்சு அழறது, தூசி, எல்லாம் நீங்க எழுதின மாதிரியேதான். அப்பறம் எனக்குப் பிடிக்காம வெட்டிட்டேன். அது எடிட்டிங் ரூம விட்டு வெளியவே போகல. உங்களுக்கு யாரு காட்டினா?”

இதை எழுதியபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. அவர் ஊகித்த சுவர், உண்மையாகவே ஒரு இடத்தில் இடிந்து கிடக்கிறது.

இங்கேதான் அவர் வாயை விட்டு மாட்டிக்கொண்டார். ‘யாரும் காட்டவில்லை’ என்று சொல்லியிருந்தால் ‘அப்புறம் எப்படி’ என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். பயத்தில், பத்திரிகைக்காரர்கள் தூக்கத்தில்கூடச் சொல்கிற அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்:

“யாரு சொன்னாங்கங்கறத நாங்க வெளிய சொல்ற வழக்கம் இல்லம்மா.”

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு கேட்டது.

“புரியுது சார். அத வச்சிருந்தது எடிட்டிங் பாத்தவர் ஒருத்தர்தான். தாங்க்ஸ்.”

6

(இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் விமர்சகர் நல்லவராகிக்கொண்டே போனார். நம்புகிற மாதிரி இல்லை.)

திங்கட்கிழமை காலை. ஆசிரியர் அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இருபது வருடத்தில் முதல் தடவை.

“உக்காருங்க சார்! எமகாதகர் சார் நீங்க! வெட்டிப் போட்ட சீன எங்கயோ பாத்துட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி எழுதியிருக்கீங்க. ஊரெல்லாம் இதே பேச்சு. அந்த டைரக்டர் பொண்ணே போன் பண்ணிச் சொன்னா. நாளைக்குப் பதினோரு மணிக்கு இங்க வர்றா. ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. ‘நீங்கள் பார்க்காத முடிவு’ன்னு தலைப்பு. முழுப் பக்கம்.”

“முழுப் பக்கமா?”

“மெத்தையத் தூக்கிட்டேன் சார். இனிமே வாரா வாரம் முழுப் பக்கம்.”

அவர் சிரித்தார். சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சிரித்தார். படியிறங்கும்போது விசில் கூட

(விசில் வேண்டாம்.)

7

வீட்டில் மனைவி கால் வலிக்கு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இயக்குநரின் போனைப் பற்றியும் முழுப் பக்கத்தைப் பற்றியும் சொன்னார். அவள் காலை எடுக்காமலே அவரைப் பார்த்தாள்.

“ஏங்க, நீங்க கடைசி சீன் பாத்தீங்களா, இல்லையா?”

“என்ன கேள்வி இது?”

“ஆமாவா, இல்லையா?”

“கிட்டத்தட்ட...”

“கடையில தினம் பாக்கறேன். கண்ணு பாக்க வர்றவங்களுக்கு எழுத்து அட்டையில கடைசி வரி தெரியாது. தெரியலன்னு சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவாங்க? சொல்ல மாட்டாங்க. ஊகிச்சு நாலு எழுத்தச் சொல்லுவாங்க. சில சமயம் சரியாக்கூட இருக்கும். சரியாச் சொல்றவங்கதான் பாவம். தப்பான கண்ணாடியோட வீட்டுக்குப் போவாங்க.”

“நான் ஒண்ணும் கண்ணு டெஸ்டுக்கு வரலடி.”

“அது தெரியுது. அந்த எடிட்டிங் பாத்தவரு கதி என்ன?”

“வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம். அடுத்த படமும் அவரு கையிலதான் இருந்துச்சு. அதையும் வாங்கிட்டாங்களாம்.”

அவள் துண்டை எடுத்துக் காலைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, ரொம்ப நேரம் துடைத்தாள். அவர் அறைக்குள் போய்விட்டார்.

8

என்னிடம் மூன்று முடிவு இருக்கிறது. மூன்றையும் அக்காவிடம் சொன்னேன்.

ஒன்று, அவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். வேலை போகிறது. படத்தொகுப்பாளருக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. மனைவி பெருமைப்படுகிறாள்.

“சுவரு இடிஞ்சு கட்டிப்பிடிச்சு அழறாங்க. ஒரு விரல்,” என்றாள் அக்கா.

இரண்டு, அவர் சொல்லவில்லை. முழுப் பக்கம் வருகிறது.

“அதுதான் நடக்கும். ஆனா அத நீ எழுதினா நான் உன்கூடப் பேச மாட்டேன்.”

மூன்று, கார்ட்டூனில் ஆகிற மாதிரி. அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. விமர்சகருக்குக் கால் பக்கம், படத்தொகுப்பாளருக்கு அவர் அறை. யாருக்கும் எதுவும் நினைவில்லை.

அக்காவின் அலுவலகத்தில் யாரோ எதையோ தேடுகிற சத்தம் கேட்டது.

“கார்ட்டூனுக்கு அடுத்த வாரம் இருக்குடா. உன் கதைக்கு இருக்கா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன? அந்த எடிட்டர் ஆளப் பத்தி எல்லாரும் பேசறீங்க. அவர ஒரு தடவையாவது கதைக்குள்ள கூப்பிட்டியா? பேச விட்டியா?”

விடவில்லை. எட்டாவது பகுதி வரைக்கும் வந்துவிட்டேன், அந்த மனிதருக்கு ஒரு முகம்கூடக் கொடுக்கவில்லை.

9

செவ்வாய்க்கிழமை பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். பத்திரிகை அலுவலகத்தின் கீழ்த்தளம். லிஃப்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் மிஷின், அதற்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துச் சிவந்த கண். இஸ்திரி போட்ட சட்டை. வேலை கேட்டுப் போகிறவர்கள் போடுகிற மாதிரிச் சட்டை. விமர்சகர் அந்தச் சட்டையைப் பார்த்ததுமே யாரென்று புரிந்துகொண்டார். அதே மாதிரி ஒன்று அவர் வீட்டிலும் தொங்குகிறது.

“சார், நான்தான் எடிட்டிங் பாத்தவன்.”

“ஓ... வாங்க, வாங்க. டீ ஏதாவது...”

“வேணாம் சார். சண்டைக்கு வரல. மேல டைரக்டர் மேடம் இருக்காங்க, தெரியும். நான் அவங்ககிட்ட மூணு நாளாச் சொல்லிப் பாத்துட்டேன். நம்பல. ஏழு வருஷமா ஒண்ணா வேலை பாக்கறோம். ‘நீதான் காட்டின’ன்னு கூடச் சொல்லல சார். ‘பரவாயில்ல’ன்னு சொல்றாங்க. அதத்தான் தாங்க முடியல.”

விமர்சகர் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். ஏற்கெனவே அழுத்தியதுதான். மறுபடியும் அழுத்தினார்.

“நான் உங்களுக்குக் காட்டல. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா அது உண்மையே இல்லாத மாதிரி ஆயிடுது சார். மூணாவதா ஒருத்தருக்குத் தெரியணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

“நான்... பாக்கறேன்பா.”

“எத எப்படிப் பாத்தீங்கன்னு நான் கேக்கவே இல்ல சார். இங்கயே நிக்கறேன். நீங்க போயிட்டு வாங்க.”

லிஃப்ட் வந்தது. நாலாவது மாடி. கண்ணாடி போட்ட அறை. ஆசிரியர் அம்மா தலைப்பை ஏற்கெனவே பெரிய எழுத்தில் அச்செடுத்து மேஜையில் வைத்திருக்கிறார். இயக்குநர் பெண் எழுந்து வணக்கம் சொல்கிறார். பேச்சைப் பதிகிற கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறது.

“முதல் கேள்விய நானே கேட்டுடறேன் சார். போன்ல கேட்டேன், நீங்க சொல்லல. அந்த சீன உங்களுக்கு யாரு காட்டினாங்க?”

விமர்சகர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ‘யாரும் காட்டவில்லை, நான் படத்தைக் கடைசி வரை பார்க்கவே இல்லை’ என்று சொன்னால் நாளையிலிருந்து பக்கமும் இல்லை, பெயரும் இல்லை. பழைய வாக்கியத்தையே திரும்பச் சொன்னால் முழுப் பக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தேநீர்க் குவளையோடு நடந்து போகிறார்கள்.

வாசகரே, அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவையும் ஊகித்தவனுக்கு இது மட்டும் முடியாதா என்று கேட்கலாம். முடியும். ஆனால் இதுவரை நான் ஊகித்ததில் கதைக்கு வெளியே யாருக்கும் வேலை போகவில்லை. பார்க்காத முடிவைப் பார்த்ததுபோல எழுதினால் என்ன ஆகும் என்று இப்போதுதான் ஒன்பது பகுதியாக எழுதியிருக்கிறேன். அதே பேனாவை வைத்துக்கொண்டு அதே காரியத்தை நான் செய்ய மாட்டேன்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்த மனிதர் காட்டவில்லை. இது இப்போது உங்களுக்கும் தெரியும்.

விமர்சகர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். “அது வந்து மேடம்...” என்கிறார்.

வந்து?

நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள். கீழே ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.